ஓவியர் மத்தீஸின் இரண்டாம் வாழ்வு

புற்றுநோய் என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்ததுமே நாம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். நோயாளியின் அருகில் அதன் பெயரைக்கூடச் சொல்வதில்லை. அறுவை முடிந்து, சிகிச்சை முடிந்து, அவர் வீடு திரும்பிய பின்னும் அவரைக் கட்டிலில் கிடத்தி, ஒரு துரும்பையும் எடுக்க விடாமல் பார்த்துக்கொள்வதே அன்பு என்று எண்ணுகிறோம். ஓய்வு வேண்டியதுதான். ஆனால் ஓய்வை மட்டும் கொடுத்து, செய்வதற்கு ஒன்றும் கொடுக்காமல் விட்டால், பிழைத்து எழுந்தவர் எதற்காகப் பிழைத்தோம் என்று கேட்கத் தொடங்கிவிடுவார். உடல் தாங்கும் அளவுக்கு நடமாட வேண்டும், பழகிய வேலைகளுக்குச் சிறிது சிறிதாகத் திரும்ப வேண்டும் என்று இக்காலத்து மருத்துவர்கள் சொல்கிறார்கள். யாரும் அப்படிச் சொல்லாத ஒரு காலத்தில், 71 வயதில் குடலில் அறுவை செய்துகொண்டு, அதன் பின் பதின்மூன்று ஆண்டுகள் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலுமாக உழைத்த ஒருவரைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். அவர் பெயர் ஆன்றி மத்தீஸ். பிரான்சு நாட்டு ஓவியர்.

கன்னியர் நடத்தும் பள்ளியில் பயிலும் நமக்கு அவரைத் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. அவருடைய பிற்கால வரலாற்றில் பாதி, ஓர் அருட்சகோதரியின் வரலாறாகும்.

மத்தீஸ் 1869-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் வட பிரான்சில் லெ கத்தோ என்னும் ஊரில் பிறந்தார். வளர்ந்தது பக்கத்திலுள்ள பொஹேன் என்ற நெசவாளர் ஊரில். தந்தையார் தானியமும் விதையும் விற்கும் வணிகர். தாயார் பீங்கான் பாத்திரங்களில் வண்ணம் தீட்டும் கைத்திறன் உள்ளவர். மகன் சட்டம் படித்து ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். அவருக்கு அந்த வேலையில் ஒரு துளியும் மனம் ஒட்டவில்லை. சுமார் இருபது வயதில் குடல்வால் நோய் கண்டு நெடுநாள் படுக்கையில் கிடந்தார். பொழுது போகட்டும் என்று தாயார் ஒரு வண்ணப்பெட்டியை வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெட்டியைத் திறந்தவர் பின் மூடவே இல்லை. நோய்ப் படுக்கையில் ஒரு தாய் கொடுத்த பொருள் ஓர் உயிரின் போக்கையே மாற்றிவிட்டது.

தந்தையின் வருத்தத்தையும் மீறிப் பாரிசு சென்றார். வறுமையும் ஏளனமும் பல ஆண்டுகள் தொடர்ந்தன. 1905-ஆம் ஆண்டுக் கண்காட்சியில் அவரும் அவர் நண்பர்களும் வைத்த படங்களின் வண்ணங்களைக் கண்டு மிரண்டவர்கள், அவர்களுக்குக் காட்டு விலங்குகள் என்றே பெயர் சூட்டிவிட்டார்கள். அந்தப் பெயரே ஒரு கலைமரபின் பெயராக நிலைத்துவிட்டது வேறு கதை. பின்னர் புகழும் பொருளும் வந்தன. 1917 முதல் தென் பிரான்சின் கடற்கரை நகரான நீஸில் வாழத் தொடங்கினார். அங்கே கடலில் துடுப்புப் படகு வலிப்பதில் அவருக்குப் பெரு விருப்பம். நல்ல உடற்கட்டு உள்ளவர். இதைச் சொல்வதற்குக் காரணம், பின்னால் அவர் இழந்தது எது என்று நமக்குத் தெரிய வேண்டும் என்பதே.

1940-ஆம் ஆண்டு அவருக்கு எல்லாப் பக்கமும் இருள் சூழ்ந்த ஆண்டு. நாற்பதாண்டு மணவாழ்வு முந்தின ஆண்டே முறிந்திருந்தது. நாடு போரில் தோற்றிருந்தது. பிரேசில் நாட்டுக்குப் போக ஏற்பாடு செய்திருந்தவர், நாட்டைக் கைவிட்டு ஓடுவது முறையல்ல என்று எண்ணி இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார். அப்பொழுதுதான் வயிற்று வலி தொடங்கியது. நோய் இன்னதென்று தெளிவாவதற்குள் நாட்கள் கழிந்தன. மகள் மார்கெரித் முயற்சி எடுத்துத் தந்தையை லியோன் நகருக்கு அழைத்துச் சென்றார். குடலில் புற்றுநோய். 1941-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அறுவை நடந்தது.

அறுவைக்கு முன் அவர் மருத்துவர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. தம் வேலையை முடிக்க மூன்று நான்கு ஆண்டுகள் கிடைக்குமாறு செய்யுங்கள் என்றார். நூறாண்டு கேட்கவில்லை, பழைய உடலைத் திருப்பிக் கேட்கவில்லை. வேலைக்கு வேண்டிய கால அளவை மட்டும் கணக்கிட்டுக் கேட்டார். ஒரு தச்சர் மரத்துக்கு அளவு சொல்வதைப் போன்ற இந்தக் கேள்வியில்தான் அவருடைய நம்பிக்கை இருந்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

அறுவை வெற்றி பெற்றது. ஆனால் இரத்தக் கட்டிகள் நுரையீரலில் அடைத்துக்கொண்டன. இனிப் பிழைக்க மாட்டார் என்றே எல்லாரும் எண்ணினர். பிழைத்தார். மருத்துவமனையில் அவரைப் பேணிய கன்னியர் அவருக்கு உயிர்த்தெழுந்தவர் என்று செல்லப்பெயர் வைத்தனர். அந்தப் பெயர் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மே மாதம் நீஸ் திரும்பினார். அதற்குப் பின் கிடைத்த ஒவ்வொரு நாளும் கணக்குக்கு மேல் கிடைத்த இனாம் என்றும், இது தம் இரண்டாம் வாழ்வு என்றும் நண்பர்களுக்கு எழுதினார்.

அந்த இரண்டாம் வாழ்வு சுகமான வாழ்வு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வயிற்றுத் தசைகள் கிழிந்து வலுவிழந்திருந்தன. இடுப்பில் இரும்புப் பட்டை வைத்த கச்சை கட்டாமல் எழுந்திருக்க முடியாது. கட்டினாலும் நெடுநேரம் நிற்க இயலாது. துடுப்புப் படகு போயிற்று. ஓவியப் பலகைக்கு முன் மணிக்கணக்கில் நின்று எண்ணெய் வண்ணம் தீட்டும் வழக்கமும் பெரும்பாலும் போயிற்று. இரவில் தூக்கம் வருவதில்லை. பகலில் சிடுசிடுப்பு. அவருடன் இருந்தவர்கள் அவரைச் சாந்தமே உருவானவர் என்று சொல்லவில்லை. பிறரை விரட்டி வேலை வாங்குபவர், தம் நோயைப் பற்றி ஓயாமல் பேசுபவர் என்றுதான் சொன்னார்கள். இதை நாம் மறைக்கத் தேவையில்லை. நோயுற்றவர் எப்பொழுதும் புன்னகையோடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவர்மேல் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும்.

அவர் செய்தது இதுதான். உடலில் எஞ்சியிருப்பது எவ்வளவு என்று பார்த்தார். கண் இருந்தது, கை இருந்தது, உட்கார்ந்தபடி ஓரிரு மணி நேரம் வேலை செய்யும் வலு இருந்தது. அதற்கு ஏற்ற வேலையைத் தேடினார். முதலில் கோட்டோவியம். படுக்கையிலேயே பலகையை வைத்துக்கொண்டு 1941-42 ஆண்டுகளில் 158 படங்களை வரைந்து ஒரு தொகுதியாக்கினார். பிறகு கையில் எடுத்தது கத்தரிக்கோல்.

வேலை நடந்த முறையைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். நம் ஓவிய வகுப்பிலும் செய்து பார்க்கக்கூடியதுதான். உதவியாளர்கள் தாள்களில் நீர் கலந்த கெட்டி வண்ணத்தைச் சீராகப் பூசி உலர்த்துவார்கள். மத்தீஸ் வேண்டிய வண்ணத் தாளை எடுத்து, பென்சிலால் கோடு ஏதும் போடாமல், பெரிய கத்தரிக்கோலால் நேரே வெட்டுவார். இலை, மீன், பறவை, பாசி என்று உருவங்கள் விழும். அவற்றை உதவியாளர்கள் சுவரில் குண்டூசியால் குத்துவார்கள். அவர் படுக்கையிலிருந்து பார்த்து, சற்று மேலே, சற்று இடப்பக்கம் என்று சொல்லிச் சொல்லி இடம் மாற்றுவார். நிறைவு தோன்றும் வரை நாட்கணக்கில் இது நடக்கும். வரைவதும் வண்ணம் தீட்டுவதும் ஒரே வெட்டில் முடிந்துவிடுகிறது என்று அவர் மகிழ்ந்தார். நெசவாளர் ஊரில் துணிகளுக்கு நடுவே வளர்ந்தவருக்குக் கத்தரிக்கோல் அந்நியமாக இருந்திருக்காது என்பது நம் எண்ணம்.

1946-இல் பாரிசில் இருந்தபோது எழுதும் தாளில் ஒரு தகைவிலான் குருவியை வெட்டினார். தூக்கி எறிய மனமில்லை. சுவரில் ஓரிடத்தில் கறை இருந்தது. அதை மறைக்கக் குருவியை அங்கே ஒட்டச் சொன்னார். பிறகு அதற்குத் துணையாக ஒரு மீன், ஒரு பவளக் கிளை. 1930-இல் தஹித்தித் தீவுக்குச் சென்று கண்ட கடலும் வானும் பதினாறு ஆண்டுகளுக்குப் பின், வெளியே போக முடியாத ஒருவருடைய அறைச் சுவரில் வந்து இறங்கின. சுவர் முழுதும் நிறைந்தது. பெருங்கடல் என்ற பெயருடைய இரண்டு பெரும் படைப்புகள் அவ்வாறு பிறந்தன.

இவை அமைதியான காலத்தில் செய்யப்பட்டவை அல்ல. 1944-ஆம் ஆண்டு ஏப்ரலில், விடுதலைப் போராட்டத்துக்கு இரகசியமாக உதவியதற்காக அவருடைய மனைவியும் மகள் மார்கெரித்தும் ஜெர்மானியக் காவலரால் கைது செய்யப்பட்டனர். மனைவி ஆறு மாதம் சிறையில் இருந்தார். மகள் சித்திரவதைக்கு ஆளாகி, வதைமுகாமுக்கு ரயிலில் அனுப்பப்பட்டு, வழியில் தப்பினார். தம்மை லியோனுக்கு அழைத்துச் சென்று காப்பாற்றிய மகள் இருக்குமிடம் தெரியாமல் தந்தை மாதக்கணக்கில் தவித்தார். அக்காலத்தில் அவர் வெட்டிச் சேர்த்த வண்ணத் தாள்களே 1947-இல் ஜாஸ் என்ற பெயரில் இருபது படங்கள் கொண்ட நூலாக வெளிவந்தன. அதில் ஒரு படம் நம் மனத்தை விட்டு அகலாது: நீல வானில், மஞ்சள் விண்மீன்களுக்கு நடுவே, கரிய மனித உருவம் ஒன்று விழுகிறது. நெஞ்சில் மட்டும் ஒரு சிவந்த புள்ளி.

இனி அருட்சகோதரியின் கதைக்கு வருவோம்.

1942-ஆம் ஆண்டு மத்தீஸுக்கு இரவில் துணையிருக்க ஒரு செவிலி தேவைப்பட்டார். அப்படி வந்தவர் மோனிக் பூர்ஷ்வா என்ற 21 வயதுப் பெண். செவிலிப் பயிற்சியில் இருந்தவர். கண்டிப்பான வீட்டில், தாம் அழகற்றவள் என்ற எண்ணத்தோடு வளர்ந்தவர். தூக்கம் வராத முதியவருக்குப் படித்துக் காட்டுவதும் பேசிக்கொண்டிருப்பதும் அவர் பணி. ஒரு நாள் மத்தீஸ் தம் படங்களைப் பற்றி அவர் கருத்தைக் கேட்டார். வண்ணங்கள் பிடித்திருக்கின்றன, வரைந்திருப்பது சகிக்கவில்லை என்று அந்தப் பெண் கூசாமல் சொல்லிவிட்டார். உலகப் புகழ் பெற்றவர் கோபிக்கவில்லை. தம்மிடம் உண்மை பேச ஓர் ஆள் கிடைத்தது என்று மகிழ்ந்தார். அவரை மாதிரியாக அமர்த்திச் சில படங்களும் தீட்டினார்.

பிறகு செவிலியே நோயாளியானார். மோனிக்குக்குக் காசநோய் கண்டது. நீஸுக்கு அருகே மலைமேலுள்ள வான்ஸ் என்ற சிற்றூரில் சாமிநாதர் சபைக் கன்னியர் நடத்திய ஓய்வு இல்லத்துக்குச் சென்றார். நீஸ் நகர்மீது குண்டு விழலாம் என்ற அச்சத்தால் 1943-இல் மத்தீஸும் வான்ஸுக்கே குடிபெயர்ந்தார். ஒரே சாலையில், ஏறக்குறைய எதிரெதிரே, நோயிலிருந்து மீளும் இருவர்! அங்கே கன்னியருடன் வாழ்ந்த மோனிக்கின் உள்ளத்தில் இறையழைத்தல் முதிர்ந்தது. 1944-இல் துறவு மடம் புகுந்தார். மத்தீஸ் இதை விரும்பவில்லை. அவர் பூசைக்குப் போகும் வழக்கம் இல்லாதவர். இளம் பெண் தன் வாழ்வை ஏன் இப்படி ஒடுக்கிக்கொள்ள வேண்டும் என்று வாதாடினார், கடிதம் எழுதினார். அவர் அசையவில்லை. வார்த்தைப்பாடு கொடுத்து அருட்சகோதரி ஜாக் மரி ஆனார். நட்பு முறியவும் இல்லை.

சபையின் கட்டளைப்படி அச்சகோதரி மீண்டும் வான்ஸுக்கே செவிலியாக அனுப்பப்பட்டார். அங்கே கன்னியருக்குச் செபிக்க ஒழுங்கான ஆலயம் கிடையாது. மழை ஒழுகும் பழைய கொட்டகை ஒன்றில்தான் திருப்பலி. ஒரு நாள் அவர் தேவதாயின் விண்ணேற்பை ஒரு கண்ணாடிச் சாளரத்துக்காகத் தாளில் வரைந்து, மத்தீஸிடம் காட்டினார். இதைச் செய்யலாமே என்று அவர் ஊக்கினார். 1947 டிசம்பரில் ரெசிகியே என்ற இளம் சாமிநாதர் சபைச் சகோதரர், அவரும் உடல் நலம் தேறுவதற்காக வான்ஸில் தங்கியிருந்தவர், மத்தீஸைச் சந்தித்தார். பேச்சு சாளரத்திலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து கூரைக்கும் தாவியது. இறுதியில் முழுச் சிற்றாலயத்தையும் தாமே அமைத்துத் தருவதாக மத்தீஸ் ஏற்றுக்கொண்டார். அப்பொழுது அவருக்கு வயது 77, சில நாட்களில் 78.

நான்கு ஆண்டுகள் இந்த ஒரே வேலை. நீஸ் நகரில் அவர் குடியிருந்த ரெஜினா மாளிகையின் பெரிய அறையே சிற்றாலயம் போல் மாறியது. நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கரித்துண்டைக் கட்டி, நாற்காலியிலோ கட்டிலிலோ இருந்தபடி சுவரில் மாட்டிய தாள்களில் வரைந்து பழகினார். புனித சாமிநாதரின் உருவம் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல். அதைப் படுத்திருந்த ஒரு நோயாளி கழியால் வரைந்தார்! சாளரங்களுக்கு வாழ்வின் மரத்தைக் கருவாகக் கொண்டு வண்ணத் தாள்களை வெட்டினார். கருநீலம், பச்சை, எலுமிச்சை மஞ்சள் ஆகிய மூன்றே வண்ணங்கள். எதிர்ச்சுவர் முழுதும் வெள்ளை ஓடுகள். அவற்றில் கறுப்புக் கோடுகள் மட்டும். வெயில் ஏறும்போது சாளரத்தின் வண்ணங்கள் அந்த வெள்ளையின்மேல் வந்து படிகின்றன. குருக்கள் அணியும் திருவுடைகளையும் அவரே வடிவமைத்தார். செலவிலும் பெரும் பங்கைத் தாமே ஏற்றார்.

எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. நண்பர் பிக்காசோ, நம்பிக்கை இல்லாதவர் கோயில் கட்டுவதா, காய்கறிச் சந்தை கட்டியிருக்கலாமே என்று கேலி செய்தார். மறுபக்கம், வான்ஸ் மடத்திலேயே எதிர்ப்பு இருந்தது. தேவதாய்க்கும் குழந்தைக்கும் கண்ணும் மூக்கும் இல்லையே என்று சிலர் முகம் சுளித்தனர். சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளும் ஒரே சுவரில், கீழிருந்து மேலாக வளைந்து ஏறும் பாதையாக, கிறுக்கியது போன்ற கோடுகளால் வரையப்பட்டிருந்தன. குழந்தை வரைந்தது போலிருக்கிறது என்றார்கள். முதற்பார்வையில் நமக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் வலியோடு எழுதியவர் வலியை அழகுபடுத்த விரும்பவில்லை என்று எண்ணிப் பார்த்தால், அந்தக் கோடுகளின் நடுக்கம் வேறு விதமாகத் தெரிகிறது. இந்த எதிர்ப்புகளுக்கெல்லாம் நடுவில் நின்று, ஒருபுறம் மடத் தலைவியாருக்கும் மறுபுறம் பொறுமையற்ற முதியவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் சகோதரி ஜாக் மரி. அவர் அடைந்த சங்கடம் மத்தீஸ் அடைந்ததைவிடக் குறைந்தது அல்ல.

1949 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1951-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் நீஸ் ஆயர் செபமாலை அன்னையின் பெயரால் சிற்றாலயத்தை அர்ச்சித்தார். மத்தீஸால் வர இயலவில்லை. உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. அனைத்துக் குறைகளோடும் இதுவே தம் வாழ்வின் தலையாய படைப்பு என்று அவர் கருதினார். மருத்துவர்களிடம் கேட்ட மூன்று நான்கு ஆண்டுகள் அப்பொழுது பத்தாகியிருந்தன.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். மத்தீஸுக்குக் கிடைத்த வசதி எல்லா நோயாளிகளுக்கும் கிடைப்பதில்லை. பணம் இருந்தது, பெரிய அறை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, லிடியா டெலெக்டார்ஸ்கயா என்ற ரஷியப் பெண்மணி இருந்தார். பெற்றோரை இழந்து அகதியாக வந்து, அவருடைய வேலைக்கூடம், மருந்து, கணக்கு, கடிதம், உதவிப் பெண்கள் அனைத்தையும் இருபது ஆண்டுகளுக்கு மேல் கவனித்தவர். தாள்களுக்கு வண்ணம் பூசியும், ஏணியில் ஏறிக் குண்டூசி குத்தியும் பணி செய்த இளம் பெண்கள் இருந்தார்கள். எழுந்து நடக்க முடியாதவர் சுவரளவு படங்கள் செய்தார் என்றால், அவருக்குக் காலாக இருந்தவர்கள் அவர்கள். வீட்டில் ஒரு நோயாளி தேறிவரும்போது நாம் யாருடைய இடத்தில் இருக்கிறோம் என்று பார்த்தால், பெரும்பாலும் ஏணியில் நிற்பவர்களின் இடத்தில்தான்.

சிற்றாலயம் முடிந்த பிறகும் கத்தரிக்கோல் ஓயவில்லை. 1952-இல், ஒரு நீச்சல் குளத்தைத் தம் உணவறைச் சுவரைச் சுற்றிலும் நீலத் தாளால் வெட்டி ஒட்டினார். வெளியே போய் உலாவ முடியாததால் தம்மைச் சுற்றி ஒரு தோட்டம் அமைத்துக்கொண்டதாகச் சொல்வார். 1953-இல் நத்தை என்ற பெயரில் ஏறக்குறைய மூன்று மீட்டர் சதுரமுள்ள படம். கடைசியாக அமெரிக்காவில் ஓர் ஆலயத்துக்கு வட்டச் சாளரம் ஒன்றை வடிவமைத்தார்.

சகோதரி ஜாக் மரி நெடுங்காலம் துறவியாகவே வாழ்ந்தார். இந்த நட்பைப் பத்திரிகைகள் பலவிதமாகத் திரித்து எழுதியதால், நடந்ததை நடந்தபடி சொல்லப் பின்னாளில் தாமே ஒரு நூல் எழுதினார். 2005-ஆம் ஆண்டு காலமானார்.

மத்தீஸ் இறந்தது 1954-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள், நீஸில், 84-ஆம் வயதில். அவரைக் கொண்டுசென்றது புற்றுநோய் அல்ல, இதயம். அதற்கு முதல் நாள் லிடியா தலைக்குக் குளித்துவிட்டு, ஈரக் கூந்தலைத் துண்டால் சுற்றிக்கொண்டு அறைக்குள் வந்தார். மத்தீஸ் எழுதும் தாளும் பேனாவும் கொண்டுவரச் சொல்லி அவர் முகத்தை வரைந்தார். வரைந்ததைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பரவாயில்லை, சரியாக வந்திருக்கிறது என்றார்.